இடப்பக்கக் கதவில் வரும் சத்தம்

1

விக்னேஷ், இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. காலையில் குளியலறை வாசலில் வாளியோடு ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான் ஊரிலிருந்து ஷார்ஜாவுக்குத் திரும்பி நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. இத்தனை நாளில் நீ அனுப்பிய முதல் செய்தி அதுதான்.

மொத்தம் பதினோரு வினாடி. நம் வண்டியில் ஏதோ ஒரு பாட்டு ஓடுகிறது. பாட்டுக்கு அடியில், தும் தும் என்று பேஸ் விழும்போதெல்லாம், டிர்ர்ர் என்று ஓர் அதிர்வு. கடைசியில் உன் குரல்: "இது இன்னா?"

அவ்வளவுதான். முன்னால் 'அப்பா' இல்லை, பின்னால் 'சாப்டியா' இல்லை. மெக்கானிக்கிடம் கூட 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை போட்டுத்தானே கேட்போம்?

அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு மூன்றாவது வினாடியிலேயே தெரிந்துவிட்டது. எந்தக் கதவு, கதவில் எந்த மூலை, எதனால் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் இப்போது சொல்லமாட்டேன், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ இதைப் படிக்க வேண்டும். போனில் பேசினால் நீ கட் பண்ணிவிடுவாய். அதனால் நோட்டில் எழுதிப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கீர்த்தனா, நீயும் படி. உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

நான் பார்க்கும் வேலையை இதுவரைக்கும் உங்கள் இருவருக்கும் நானாக வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் கார்களுக்கு சவுண்ட் சிஸ்டம் மாற்றிப் பொருத்தும் ஃபிட்டர். பதினெட்டு வருடமாக இதுதான் வேலை. தகரக் கூரை போட்ட கடை. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் மத்தியானத்துக்குள் கூரை கொதிக்கும். எங்கள் முதலாளி மலையாளி. பக்கத்து மேசையில் வேலை செய்பவர் பெஷாவர்க்காரர். வேலைச் சாமான் எல்லாவற்றுக்கும் எங்களிடம் நாலு பாஷை கலந்த பெயர்தான். அதனால்தான் லீவில் வரும்போது குழம்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்க வேண்டிய இடத்தில் "கலாஸா?" என்று கேட்கிறேன். கீர்த்தனா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நீ போனைப் பார்க்கிறாய்.

நேற்று நம் வண்டி மாதிரியே ஒன்று கடைக்கு வந்தது. அதே மாடல், அதே வெள்ளை நிறம். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். எல்லாம் ஒன்றுதான். முன்னால் பெரிய டச் ஸ்கிரீன், சுற்றிலும் தோல் தையல், ராஜா வீட்டு ஹால் மாதிரி இருக்கும். கதவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காகித ஸ்பீக்கர், அதன் பின்னால் வடை அளவுக்கு ஒரு காந்தம். கதவுத் தகடு முழுக்க ஓட்டை, அதை மூட ஒரு பிளாஸ்டிக் ஷீட். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் செலவு பண்ணியிருக்கிறான் கம்பெனிக்காரன். வாங்குகிறவரும் அதைத்தானே பார்க்கிறார்.

நாங்கள் அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்து, தகடு அதிராமல் இருக்க ஷீட் ஒட்டி, நல்ல ஸ்பீக்கர் வைத்து, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் பொருத்துவோம். அதற்கு பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த சிவப்பு வயர் வர வேண்டும். அந்த வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட வேண்டும். வண்டித் தகட்டுக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், தகட்டு விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு தகட்டைத் தொடும். அப்புறம் வயர் கொதித்துத் தீப்பிடிப்பதை நிறுத்த வண்டிக்குள் எதுவும் கிடையாது.

இது எனக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வண்டிக்கு ஃபியூஸ் போட மறந்தேன். அந்த வண்டியின் தரைவிரிப்பு எரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. அந்த வாசனை, ரப்பரும் பஞ்சும் சேர்ந்து கருகும் வாசனை, இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

3

பிறகு ஏன் மறைத்தேன்?

உன்னை இரண்டாம் வகுப்பில் சேர்த்தபோது நான் லீவில் ஊரில் இருந்தேன். பள்ளிக்கூட ஃபாரத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம். எனக்கு முன்னால் எழுதியவரின் தாளை எட்டிப் பார்த்தேன். 'விரிவுரையாளர்' என்று இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு 'பொறியாளர்' என்று எழுதினேன். பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியவன் நான். ஒரு கட்டத்தை நிரப்ப எழுதிய ஒரு வார்த்தை. அது உன்னோடு வகுப்பு வகுப்பாக மேலே ஏறிக்கொண்டே வந்தது.

நீ கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழுக்காக வேங்கிக்கால் அரசு அலுவலகத்துக்குப் போனாய். வீட்டில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால்தான் அது கிடைக்கும். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா உன் பள்ளித் தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா இன்ஜினியர்னு போட்டிருக்குதேப்பா, நீ எப்பிடி மொதல் பட்டதாரி?" என்று கேட்டாராம். கேட்டது நியாயம்தானே. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் உன்னைத் திரும்பிப் பார்த்தார்களாம். நீ வெளியே வந்து எனக்குப் போன் போட்டாய். நான் என்ன சொன்னேன்? "எழுத்துப் பிழைன்னு சொல்லிடு. சூப்பர்வைசர்னு எழுதச் சொல்லு." ஒரு பொய்யை எடுத்துவிட்டு அங்கே இன்னொன்றை வைத்தேன். அதற்காக நீ நாலு தடவை அலைந்தாய்.

என் முன்பல் உடைந்திருக்கிறதே, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேனே, அதுவும் பொய். அவசரத்தில் வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கிற கெட்ட பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. வருடக்கணக்கில் கடித்தால் முன்பல்லின் நுனி பள்ளமாகிவிடும்.

4

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வண்டியை வாங்கினோம். வீடியோ காலில் அதன் பாட்டைக் கேட்டபோதே கை பரபரத்தது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் லீவில் போகும்போது அவரிடம் கொடுத்தனுப்பினேன். பெட்டி மேல் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'நான் வரும்வரை பிரிக்க வேண்டாம்.' நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுதுபோக்குக்குச் செய்வது போலச் செய்யலாம் என்று திட்டம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள், "அப்பாவுக்கு இதுகூடத் தெரியுமா" என்று ஆச்சரியப்படுவீர்கள் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்.

உனக்குப் பொறுக்கவில்லை. நண்பனின் அக்கா கல்யாணத்துக்கு எல்லோரும் நம் வண்டியில் போக வேண்டுமாம். பைபாஸ் ரோட்டுக் கடையில் கொடுத்து ஒரே நாளில் பொருத்தி வாங்கிவிட்டாய். நான் லீவில் வந்து இறங்கிய அன்று, என்னை அழைக்கச் சென்னை விமான நிலையத்துக்கு நீ வந்தபோது வண்டிக்கு முன்னால் பாட்டுதான் வந்தது.

"எப்பிடிப்பா? சும்மா அதிருதுல்ல?" என்றாய்.

"நல்லா இருக்குது" என்றேன்.

நல்லா இல்லை, விக்னேஷ். உட்கார்ந்த நிமிடமே தெரிந்தது. இடப்பக்க ஸ்பீக்கருக்கு வயரை மாற்றிக் கொடுத்திருந்தான். வலது தள்ளும்போது இடது இழுக்கிறது, பேஸ் பாதி செத்துப் போகிறது. இதைக்கூடச் சரியாகச் செய்யாதவன் மற்றதை எப்படிச் செய்திருப்பான் என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் வந்துவிட்டது. 'ஓரமா நிறுத்து, பானெட்டைத் திற' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது நாள் மூடிக்கொண்டே இருந்தேன். கடைக்காரன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட அந்த ஒன்பது நாள் மேல் இருக்கும் கோபம் ஜாஸ்தி.

5

பத்தாவது நாள் பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் உங்கள் சேகர் மாமா வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு சாயந்தரம் திரும்பினோம். கிரிவலக் கூட்டம். ஊருக்குள் நுழையும் இடத்தில் தடுப்பு போட்டுவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் பஸ், வேன். வெளியே மைக்செட், உள்ளே உன் பாட்டு. நீ சத்தத்தை இன்னும் கூட்டினாய். உன் அம்மா பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் தலை வைத்து கீர்த்தனா.

அப்போது அந்த வாசனை வந்தது.

"ஆஃப் பண்ணுடா."

"ஏம்பா, நல்ல பாட்டு."

"வண்டிய ஆஃப் பண்ணுடா! எல்லாரும் எறங்குங்க!"

"ரேடியேட்டர் சூடா இருக்கும்பா. இவ்ளோ நேரம் நின்னுனு இருக்கோம்ல. கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க."

நான் உன் கையைத் தட்டிவிட்டு சாவியைத் திருப்பினேன். பின்கதவைத் திறந்து கீர்த்தனாவைத் தோளைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு வலித்திருக்கும். பானெட்டைத் தூக்கினேன். ஃபியூஸ் இல்லை. ரப்பர் வளையம் இல்லை. மெல்லிய வயர், அதுவும் தகட்டுத் துளையில் உரசி உரசி தோல் கிழிந்து, சுற்றிலும் கரி. தொட்டேன். விரல் சுட்டது. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு அங்கேயே ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அம்மா வந்து, "இன்னாங்க ஆச்சு, ஏன் இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டாள்.  பக்கத்து வேன்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாய்: "ஒரு வயருக்கு இவ்ளோ சீனா?"

6

மறுநாள் காலை, அந்த வயரை மட்டும் பேட்டரியிலிருந்து பிரித்துவிட்டு, வண்டியோடு அந்த பைபாஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் ரவி. என் வயதுதான் இருக்கும். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. இன்னா சார் பிரச்ன? வண்டி ஓடுது, பாட்டு பாடுது."

"ஃபியூஸ் எங்கய்யா?"

"ஃபியூஸா? அது ஆம்ப்ளிஃபயர்லயே கீது சார்."

"அது ஆம்ப்ளிஃபயரக் காப்பாத்தும். வயர யாரு காப்பாத்தறது? வயரு மேல உக்காந்துனு வந்த என் பொண்ண யாரு காப்பாத்தறது?"

"சார், டென்சன் ஆவாதீங்க. இங்க எல்லாரும் இப்பிடித்தான் போடறோம். இதுவரிக்கும் ஒரு வண்டியும் எரியல."

"எரிஞ்சா சொல்லி அனுப்புவியா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்க பையன்தான் சார் சாயந்தரத்துக்குள்ள வேணும்னு நின்னாரு. நான்கூட கேட்டேன், உங்கப்பா இன்ஜினியராச்சே, வந்து எதுனா கேக்கப்போறாருன்னு. 'அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, ஆபீஸ்ல உக்கார்றவரு'ன்னாரு."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை எடுத்துவிட்டாய். உன்மேல் என்ன குற்றம்? நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. வாயைத் திறந்தேன், தமிழ் வரவில்லை. பதினெட்டு வருடமாகக் கடைக்குள் எந்த பாஷையில் திட்டினேனோ அந்த பாஷையில் வந்தது. பாதி இந்தி, பாதி மலையாளம், நடுவில் அரபு. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் மூச்சு வாங்கியபோது சட்டையைக் கழற்றி சீட் மேல் போட்டுவிட்டு, அவருடைய டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

"சார், சார், நான் ஆள வுட்டு செய்றேன் சார்."

 பழைய வயரை உருவி எறிந்தேன். புது வயரை எடுத்தேன். வெட்டும் கருவி கைக்கு எட்டவில்லை. பல்லால் கடித்து உரித்துத் துப்பினேன்.

ரவி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். என் பல்லைப் பார்த்தார். பிறகு தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். அவருக்கும் அதே இடத்தில், அதே பள்ளம்.

"அண்ணே," என்றார். அதுவரைக்கும் சார். "நீங்க நம்ம லைனா?"

"ஆமா" என்றேன். "பதினெட்டு வருசம்."

"மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே? சொல்லியிருந்தா இப்பிடியா போட்டுக் குடுப்பேன்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ரத்தம் ஏறியது. "நம்ம லைன் இல்லன்னா எரிஞ்சு சாவலாமாய்யா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஃபியூஸ் எடுத்து வந்து கொடுத்தார்.

அப்போது நீ கிட்டே வந்தாய். உன் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து டீக்கடையில் நின்றிருந்தார்கள். நீ என் காலைத் தட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "போதும், எழுந்து வா. அசிங்கமா இருக்குது."

நான்கு கதவின் அட்டையையும் கழற்றினேன், ஓட்டையை அடைத்தேன், இடப்பக்க வயரைச் சரியாக மாற்றினேன். மத்தியானம் கீர்த்தனா சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தாள். "இது எதுக்குப்பா? அது எதுக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பிள்ளைகளில் ஒருத்தி என் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கடைசிக் கதவு வரைக்கும் அந்த முதுகு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அன்றிலிருந்து நான் கிளம்பும் நாள் வரை நீ என்னிடம் பேசவில்லை. விமான நிலையத்துக்கு என்னைச் சேகர் மாமாதான் கொண்டுபோய் விட்டார்.

7

கேள், விக்னேஷ். பொய் சொன்னேன், அது என் தப்பு. அதற்காக நீ கோபப்படு, வாங்கிக்கொள்கிறேன். அலுவலக வரிசையில் உன் தலையைக் குனிய வைத்தவன் நான்தான். ஆனால் நீ 'அசிங்கம்' என்று சொன்னது என் பொய்யை இல்லை. என் கையை. அந்தக் கைதான் உன் கல்லூரி, அந்த வீடு, அந்த வண்டி. உன் தங்கை அன்று அந்த வண்டியிலிருந்து உயிரோடு இறங்கியதும் அந்தக் கையால்தான். அந்த வார்த்தையை நான் சும்மா விடமாட்டேன்.

கீர்த்தனா, அடுத்த வருடம் உனக்கும் ஃபாரம் வரும். கட்டத்தில் 'ஃபிட்டர்' என்று எழுது. யாராவது திருத்தச் சொன்னாலும் திருத்தாதே.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

அது பின்பக்கம், இடப்பக்கக் கதவு, கீழ் மூலை. கதவு அட்டையைத் தகட்டோடு பிடித்துவைக்க வரிசையாக வெள்ளை பிளாஸ்டிக் கிளிப்புகள் உண்டு. அந்த மூலையில் ஒன்று இல்லை. அதனால் பேஸ் விழும்போது அட்டை தகட்டில் அடிக்கிறது. ரவியின் தப்பு இல்லை. அன்று நான் கடைசியாக மூடிய கதவு அது. கழற்றிய கிளிப்பைக் கால்சட்டைப் பையில் போட்டேன். உன் முதுகைப் பார்த்துக்கொண்டே அட்டையை அழுத்தி மூடிவிட்டேன். இங்கே வந்து துணி துவைக்கும்போது பையில் இருந்து விழுந்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு கதவில்கூட நான் கிளிப்பை விட்டதில்லை. உன் கதவில் விட்டுவிட்டேன். ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்பலாம். அனுப்பமாட்டேன்.

நீ ரவி கடைக்குப் போ. வண்டியைக் கொடுத்துவிட்டு வராதே. கதவு கிளிப் ஒன்று மட்டும் கேள். அவர் டப்பாவில் நிறைய இருக்கும். வீட்டுக்கு வந்து கதவை முழுக்கத் திறந்து வை. ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பாதே, பெயிண்ட் போய்விடும். அட்டையின் கீழ் விளிம்பில் இரண்டு கை விரலையும் உள்ளே விட்டு உன் பக்கம் இழு. உடைந்தது போலச் சத்தம் கேட்கும். பயப்படாதே, உடையாது. ஒரு மூலை மட்டும் விலகினால் போதும். டார்ச்சைக் கீர்த்தனாவிடம் கொடு, அவளுக்குப் பிடிக்கத் தெரியும். காலியான துளை தெரியும். கிளிப்பை அட்டையில் செருகு, துளைக்கு நேராக வை, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. கை கொஞ்சம் அழுக்காகும்.

வேலை முடிந்ததும் பாட்டைப் போட்டு எனக்கு அனுப்ப வேண்டாம். சத்தம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ரவிக்கு என் வேலை தெரியும்; ஆனாலும் அன்று நீ 'ஆபீஸ்ல உக்கார்றவரு' என்றதை மறக்காமல், உன் வாயால் வரட்டும் என்று, நீ கிளிப் கேட்கும்போது கட்டாயம் கேட்பார்: "யாரு தம்பி கழட்டறது, உங்கப்பாதான் ஊருக்குப் போயிட்டாரே, அவரு அங்க இன்னா வேலதான் செய்றாரு?"

அதற்கு நீ என்ன சொன்னாய் என்று மட்டும் எழுது.